அரைப் பேர்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற ஞாயிறு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ‘மண்டேலா’ படம் பார்த்தோம். பெயர்கூட இல்லாத ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் ஒற்றை ஓட்டு ஊர்த் தலைவரைத் தீர்மானிக்கும் கதை. கொழுந்தெடுத்துக் களைத்திருந்த என் அம்மாகூட விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அநீதியை இப்படிப் பகிடியாக்கினால் பாமர மக்கள் சிரித்துவிட்டு மறந்துபோக மாட்டார்களா? மலையகத்திலிருந்து இப்படி ஒரு படம் வராததற்கு நமக்குத் துணிச்சல் இல்லாததுதான் காரணமா?

ச., பொகவந்தலாவை

அன்புள்ள ச.,

முதலில் ஒரு சண்டை. அம்மா கொழுந்தெடுத்துப் படிக்கவைத்த பிள்ளை, ஆசிரியையானதும் அம்மாவைப் பாமரர் பட்டியலில் சேர்த்துவிட்டது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று தராசடியில் எத்தனை கிலோ கழியும் என்பதைக் கூடையை இறக்குமுன்பே சொல்லிவிடக்கூடியவர் உங்கள் அம்மா. கழிக்கும்போதும் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு விளங்காதவர் வீட்டில் ஒருவர்தான், அவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

துணிச்சல் பற்றிப் பேச ஒன்றுமில்லை. படமெடுக்கப் பணம் வேண்டும், நம்மிடம் கிடையாது.

அந்தப் படத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். தேர்தல் கூத்தைவிடத் தபால் நிலையம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சேர்த்த காசு களவு போகிறது. இனித் தபால் நிலையத்தில் போட்டுவைக்கலாம் என்று போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பெயர் வேண்டும். ஊர் அவனை இளிச்சவாயன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் பெண்தான் நெல்சன் மண்டேலா என்று பெயர் தருகிறாள்.

மலையகத்தில் ‘பேர்’ என்றால் என்னவென்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒருநாள் வேலை என்பார்கள். நிறை குறைந்தால் அரைப் பேர். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் அரசாங்க வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில். படம் வந்தது அடுத்த மாதம். ஆயிரத்தைக் கொண்டாடி முடிப்பதற்குள் பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டிவிட்டார்கள். நாள் முழுவதும் அட்டைக்கடியோடு மலையில் நின்ற பெண்களுக்கு அரைப் பேர் விழுந்தது. முழு மனுஷியை அரையாக எழுதலாம் என்று முதலில் கண்டுபிடித்தவன் எவனோ, அவனை மிஞ்சிய அங்கதக்காரன் இனிப் பிறக்கப்போவதில்லை.

என் தாத்தாவின் பெயர் பெருமாள். இங்கிலீசில் எழுதிய ஏதோ ஒரு கை அவரைத் தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ‘பெரமல்’ ஆக்கிவிட்டது. ஒருநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றிருக்கிறார். கணக்கப்பிள்ளை “பெரமல்!” என்று கூப்பிட்டதும், “பெரமல் லயத்தில் காய்ச்சலாய்க் கிடக்கிறான் ஐயா, பெருமாள்தான் வந்திருக்கிறேன். யாருக்குப் பேர் போடுவீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். களமே சிரித்ததாம். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர். இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டிக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்தே வரும்.

தாத்தா வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஓட்டுப் போட்டவர், 1947இல். அந்தத் தேர்தலில் நம் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். மறு வருடமே, நம்மில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் ஓட்டும் போயிற்று. படத்தில் ஒற்றை ஓட்டுக்காக இரண்டு வேட்பாளர்களும் அவன் காலைப் பிடிக்கிறார்கள். நம் கையில் ஓட்டு இருக்கிறது என்று தெரிந்தவுடன் நம் காலடியில் இருந்த நாட்டையே உருவிக்கொண்டார்கள். உங்கள் லயம் படத்தின் எந்த இடத்தில் சிரித்தது என்று நீங்கள் எழுதவில்லை. அவன் காலைப் பிடிக்கும் இடத்தில் சிரித்திருந்தால், அதற்கு மறதி என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் தாத்தா பிரசாவுரிமைக்கு மனுப்போட்டார். கல்யாணமானவர் 1946க்கு முன் 7 வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். இருந்தார்தான். ஆனால் தோட்டத்துப் பதிவில் இருந்தவன் பெரமல், மனுப்போட்டவர் பெருமாள். இரண்டும் ஒரே ஆள் என்பதை விசாரித்தவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பிரட்டுக்களத்துப் பகிடியை அரசாங்கம் அப்படியே சட்டமாக எடுத்துக்கொண்டது.

1964இல் கொழும்பும் டெல்லியும் உட்கார்ந்து, நாடற்ற நம்மவரில் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்தன. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தன. தாத்தா எந்தக் கணக்கிலும் ஏறாமல் 1973இல் செத்துப்போனார். மரணச் சான்றிதழிலும் பெரமல்தான்.

அந்தத் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. பாட்டி பால்மாப் பையில் சுற்றி, தகரப்பெட்டியில் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். ஒரு தாளில் யாரோ பென்சிலால் பெயரின் நடு எழுத்தைத் திருத்தப் பார்த்திருக்கிறார்கள். பிறகு பயந்து அழித்திருக்கிறார்கள். அழித்த இடம் தேய்ந்து மெலிந்து, விளக்கடியில் பிடித்தால் விரல் தெரிகிறது.

உங்கள் கேள்வியை எங்கேயோ விட்டுவிட்டேன். செக்ரோலில் தன் பெயர் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். கூடவே முழு முகவரியும் வேண்டும், லயத்துக்கு இலக்கம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து. போன மாதம் நீங்கள் கேட்ட புத்தகத்தைத் தோட்டத்தின் பெயர் போட்டு அனுப்பியிருந்தேன். ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று உறையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.