உயேனோவில் ஒரு நாள்: இரண்டு அருங்காட்சியகங்கள் போதும்

கேள்வி: ஏப்ரலில் குடும்பத்துடன் டோக்கியோ செல்கிறோம். 7, 11 வயதுப் பிள்ளைகளுடன், முழங்கால் வலியுள்ள என் 72 வயது மாமியாரும் வருகிறார். அருங்காட்சியகங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். அன்றைக்கே நான்கைப் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியும், ஆனால் நான்காவதின் வாசலில் மாமியார் உட்கார இடம் தேடுவார், சின்னப் பிள்ளை தூங்கியிருக்கும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டும் டோக்கியோவின் உயேனோ பூங்காவுக்குள்ளேயே அமைந்தால் ரயில் மாறும் அலைச்சலும் இல்லை.

முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள். இங்குள்ள பெரிய அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. திங்களன்று அரசு விடுமுறை வந்தால் அன்று திறந்துவிட்டு மறுநாள் மூடுவார்கள். உங்களுக்கு உகந்தது வெள்ளிக்கிழமை. நான் சொல்லும் இரண்டில், தேசிய இயற்கை, அறிவியல் அருங்காட்சியகம் மாலை 5 மணிக்கு மூடப்படும். டோக்கியோ தேசிய அருங்காட்சியகமோ வெள்ளி, சனிக்கிழமைகளில் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். ஆகவே காலையில் அறிவியல், பிற்பகலில் நீண்ட ஓய்வு, மாலையில் கலை என்று பிரித்துக்கொள்ளலாம். சிறப்புக் கண்காட்சிகளையொட்டி நேரம் மாறக்கூடும் என்பதால், முந்தைய நாள் அவர்களின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உயேனோ நிலையத்தில் 'பூங்கா வாயில்' வழியாக வெளியே வந்தால் எதிரே இருப்பது, கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்து 1959இல் திறக்கப்பட்ட மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம். சிற்பி ரோதேனின் 'சிந்தனையாளன்' சிலை முற்றத்திலேயே இருப்பதால், உள்ளே போகாமலேயே அதைப் பார்த்துவிட்டு நகரலாம்.

அறிவியல் அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கும் முழு அளவு நீலத்திமிங்கில உருவத்தின் கீழ்தான் பிள்ளைகள் முதலில் நிற்பார்கள். உள்ளே ஜப்பான் பிரிவில், எஜமானர் இறந்த பிறகும் ஷிபுயா நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் அவருக்காகக் காத்திருந்து 1935இல் இறந்த ஹச்சிக்கோ என்ற நாயின் பதப்படுத்தப்பட்ட உடலும், 1958இல் அண்டார்க்டிகாவில் விட்டுவரப்பட்டு மறு ஆண்டு உயிரோடு கண்டெடுக்கப்பட்ட ஜிரோ என்ற நாயின் உடலும் இருக்கின்றன. முந்தைய நாள் இரவே இந்த இரண்டு கதைகளையும் சொல்லிவைத்தால், மற்ற கூடங்களில் ஓடித்திரியும் பிள்ளைகள்கூட அங்கே நின்று பார்ப்பார்கள். 12.8 மீட்டர் விட்டமுள்ள கோளத்துக்குள் பாலத்தில் நின்றபடி, சுற்றிலும் படம் பார்க்கும் அரங்கும் இங்கே உண்டு. தலைசுற்றல் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

கட்டணத்தைப் பொறுத்தவரை நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். நிரந்தரக் காட்சிக்கு அறிவியல் அருங்காட்சியகத்தில் பெரியவர்களுக்கு 630 யென், தேசிய அருங்காட்சியகத்தில் 1000 யென். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டிலும் இலவசம். மூத்தவர்களுக்கு முன்னதில் 65 வயதிலும் பின்னதில் 70 வயதிலும் இலவச அனுமதி தொடங்குகிறது. ஆக, நீங்களும் உங்கள் துணையும் மட்டும் மொத்தம் 3260 யென் கட்டினால் போதும். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். அயல்நாட்டுப் பயணி அதைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டமும்கூட. சிறப்புக் கண்காட்சிக்குத் தனிச்சீட்டு, நீண்ட வரிசை. பிள்ளைகளுடன் அது வேண்டாம். இரண்டு இடங்களிலும் சக்கர நாற்காலி இலவசமாகக் கிடைக்கும். மாமியார் வேண்டாமென்றாலும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீங்கள் சைவமென்றால் மதிய உணவில் கவனம் தேவை, ஏனெனில் காய்கறி மட்டுமே தெரிகிற சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கலாம். கையில் புளியோதரை இருந்தால் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். காகங்களிடமிருந்து பொட்டலத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு, குப்பைத்தொட்டி அரிது என்பதால் ஒரு பையும் வேண்டும். இல்லையேல் அருகிலுள்ள ஒகாச்சிமாச்சியில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

மாலையில் தேசிய அருங்காட்சியகத்தின் எல்லாக் கட்டடங்களையும் பார்க்க முயல வேண்டாம். 1938இல் திறக்கப்பட்ட பிரதான கட்டடத்தில் சாமுராய்க் கவசங்களும் வாட்களும் பிள்ளைகளைக் கட்டிப்போடும். குறிப்பிட்ட ஓர் ஓவியத்துக்காகவே போவதென்றால், அது அந்த வாரம் காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்: பட்டிலும் காகிதத்திலும் தீட்டியவை வெளிச்சத்தில் மங்குமென்பதால், சில வாரங்களுக்கொருமுறை மாற்றிவிடுவார்கள். நேரமிருந்தால், அதே வளாகத்தில் ஹோர்யூஜி என்ற பௌத்தக் கோயிலின் பொக்கிஷக் கூடத்துக்கும் போங்கள். முகப்பில் குளமும் உள்ளே மங்கிய ஒளியில் வரிசையாக நிற்கும் சிறிய பொன்முலாம் புத்தர் சிலைகளுமாக, கூட்டமும் குறைந்த அந்த இடம் மாமியாருக்கு மிகவும் பிடிக்கலாம்.