புது வீடு, பழைய காணி: வன்னியில் வீடு வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். கிளிநொச்சி நகருக்கு வெளியே, ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. கட்டி மூன்று வருடம். மாடி இல்லை, மூன்று அறை, முன்விறாந்தை, தரை முழுவதும் மாபிள். காணி இரண்டு பரப்பு. பேமிற் காணிதான், ஆனால் சமாதான நீதவான் முன்னிலையில் எழுதித் தருகிறோம் என்கிறார்கள். வேறு ஆட்களும் கேட்கிறார்கள், இந்தக் கிழமைக்குள் முற்பணம் தாருங்கள் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், முற்பணம் கொடுக்காதீர்கள். வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும், தரகர் எத்தனை தடவை தொலைபேசி எடுத்தாலும், காணியின் கடதாசி தெளிவாகும்வரை ஒரு சதமும் கைமாறக் கூடாது. வன்னியில் வீடுதான் புதிது. காணிக்குப் பழைய கதை ஒன்று இருக்கும். அந்தக் கதையைக் கேட்டு அறிந்த பிறகே சுவரையும் கூரையையும் பார்க்க வேண்டும்.

பேமிற் காணி என்பது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்து வழங்கிய காணி. அதை வைத்திருப்பவர் தன் விருப்பப்படி விற்க முடியாது. சமாதான நீதவான் முன் எழுதும் கடதாசி, சத்தியக் கடதாசி, வெற்று உடன்படிக்கை ஆகிய எதுவும் காணியை உங்கள் பெயருக்குக் கொண்டுவராது. நாளைக்கு அனுமதிப்பத்திரக்காரர் இறந்துவிட்டால், பின்னுரித்தாளராகப் பெயர் பதியப்பட்ட பிள்ளை வந்து “இது என் காணி” என்று நிற்கலாம். அப்போது உங்கள் கையில் இருக்கும் எழுத்து உங்களைக் காப்பாற்றாது. வங்கியும் அந்தக் கடதாசிக்குக் கடன் தராது.

ஜெயபூமி, சுவர்ணபூமி போன்ற அரச திட்டங்களில் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணி என்றால் நிலைமை வேறு. பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றால் அதை விற்கலாம். சம்மதம் இல்லாமல் முடித்த உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், சட்டப்படி செல்லாது. அளிப்பில் காணியை எவ்வளவு சிறிதாகப் பிரிக்கலாம் என்ற நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கும். அரை ஏக்கரில் வெட்டி எடுத்த இரண்டு பரப்பு அந்த அளவுக்குக் கீழே போனால் பிரிப்பே ஏற்கப்படாது. ஆகவே அனுமதிப்பத்திரத்தின் அல்லது அளிப்பின் பிரதியைக் கையோடு கொண்டுபோய், பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் நீங்களே கேளுங்கள். தரகரை அனுப்ப வேண்டாம்.

உறுதிக் காணி என்று யாராவது சொன்னால், மூல உறுதியைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. போரில் மூல உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். அதைச் சாட்டாக வைத்து வேறு கடதாசி காட்டுபவர்களும் உண்டு. பதிவகத்தில் தேடுதல் செய்வித்து, இடையில் ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, ஒரே காணி இருவருக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் சொந்த நொத்தாரிசைக் கொண்டு பாருங்கள். விற்பவர் காட்டும் நொத்தாரிசு உங்களுக்காக வேலை செய்பவர் அல்லர்.

அடுத்தது நிலம். அந்த இடம் முன்பு வயலாக இருந்ததா? வளவின் மண் சுற்றியுள்ள மண்ணைவிட வேறு நிறமாக, கிரவல் கலந்து, ஒழுங்கையைவிட உயர்ந்து நின்றால் நிரப்பிய காணியாக இருக்கலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயற்காணியை அனுமதியில்லாமல் நிரப்ப முடியாது. கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால் அது வயலாகப் பதியப்பட்ட காணியா என்று தெரிந்துவிடும்.

இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டால் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை அந்த ஊரில் விசாரியுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. மூன்று வருட வீடு அந்த வெள்ளத்தைக் கண்டதில்லை. பக்கத்து வீட்டு அம்மா கண்டிருப்பார். “தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது?” என்று கேளுங்கள். “வெள்ளம் வருமா?” என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், படியைக் கேட்டால் கையால் காட்டுவார்கள். முடிந்தால் கார்த்திகை, மார்கழி மழைக்குள் ஒரு தடவையும், கிணறு வற்றும் ஆவணி, புரட்டாசியில் ஒரு தடவையும் போய்ப் பாருங்கள். வாய்க்காலை அண்டிய கிணறுகளில் வாய்க்கால் ஓடும்போது தண்ணீர் ஏறி நிற்கும். நீர்ப்பாசனம் நிறுத்திய பிறகுதான் கிணற்றின் உண்மையான ஆழம் தெரியும். வாய்க்காலுக்கென ஒதுக்கிய நிலத்துக்குள் மதில் போகவில்லை என்பதையும் நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே படத்தில் உங்கள் ஒழுங்கை பொதுப் பாதையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது முன்காணிக்காரர் தயவில் விட்ட பாதையா என்பதும் தெரியும். தயவில் விட்ட பாதைக்கு அவருடைய மகன் ஒருநாள் கேற் போடக்கூடும்.

வெளியூர் ஆட்கள் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. போர்க்காலத்தில் எங்கள் வளவுகள் எங்கும் பங்கர் வெட்டினோம். மீளக்குடியேறியபோது அவற்றைக் குப்பை மண்ணால் மூடினோம். நன்றாக இடித்து இறுக்காமல் மூடிய குழியின் மேல் அத்திவாரம் போனால், சில மாரிகளுக்குள் மண் தாழும். அந்தக் காணியில் பங்கர் எங்கே இருந்தது என்று பழைய குடியிருப்பாளர் ஒருவரைக் கேளுங்கள். அநேகமாக விரல் நீட்டிக் காட்டுவார். பிறகு வீட்டின் அந்த மூலைக்குப் போய்ப் பாருங்கள். பூச்சில் வலைபோல் ஓடும் மெல்லிய கீறல்கள் பயப்பட வேண்டியவை அல்ல, வெயிலில் பூச்சு அவசரமாகக் காய்ந்ததன் அடையாளம் அவை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப் போக அகலமாகும் வெடிப்புத்தான் ஆபத்து. அதற்கு நேர்கீழே மாபிளும் பிளந்திருந்தால், பூசி மறைக்கும் விடயம் அல்ல. அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. மாபிளை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடவுங்கள். பொள்ளென்று ஒலித்தால் கீழே சாந்து இல்லை. சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு முழம் வரைக்கும் பெயின்ற் கொப்புளித்திருந்தால் நிலத்து ஈரம் ஏறுகிறது. விற்பதற்கு முன் அந்த உயரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தாலும் அதே சந்தேகம்தான். கூரைக்குள் ஒருவரை ஏற்றி மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பனஞ்சலாகையின் வெட்டுமுகம் கறுப்பாக வைரம் பாய்ந்திருந்தால் உங்கள் காலம் முழுவதும் நிற்கும். வெளிறிய இளம்பனை என்றால் உளுத்துவிடும். கதவு நிலை முதிரையா பாலையா என்று சொன்னால் போதாது, நிலையின் அடியை நகத்தால் குத்திப் பாருங்கள், கறையான் அங்கேதான் தொடங்கும். மின்பெட்டியில் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது மின்சாரம் உடனே நிற்க வேண்டும். பிரதேச சபையின் கட்டட அனுமதியும், கட்டி முடித்த பின் தரும் இணக்கச் சான்றிதழும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

அயலை அறிய ஒரு பொழுது மாலை ஏழு மணிக்குப் பிறகு போங்கள். ஒழுங்கையில் விளக்கு எரிகிறதா, பாடசாலை முடிந்து வரும் பிள்ளை ஏ9 வீதியைத் தனியாகக் கடக்க முடியுமா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பவை வீட்டுக்காரர் காட்டும் பகல் நேரத்தில் தெரியாது. இவ்வளவும் பார்ப்பதற்குள் வேறு ஆள் வாங்கிவிட்டால், வாங்கட்டும்.

கேள்வி: வவுனியாவில் நாங்கள் பார்த்த வீட்டின் உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். அவருடைய தம்பி, அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் வைத்துக்கொண்டு விற்கிறார். நம்பலாமா?

பதில்: தம்பியை நம்புவதா இல்லையா என்பதைவிட, தத்துவத்தில் “விற்க” என்ற அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா, அது பதியப்பட்டிருக்கிறதா, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. கொடுத்தவர் இறந்தால் அற்றோணித் தத்துவமும் முடிந்துவிடும். உறுதி முடிக்கும் அன்று உரிமையாளரோடு காணொளியில் பேசிவிடுங்கள். அவர் வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காணியில் சகோதரருக்கும் பங்கு இருந்தால், 1947ஆம் ஆண்டின் முன்னுரிமைக் கொள்வனவுச் சட்டப்படி அந்தப் பங்காளிகளுக்கு முதலில் கேட்கும் உரிமை உண்டு; அவர்களுக்கு முறைப்படி அறிவித்ததற்கான சான்றைக் கேளுங்கள்.

கேள்வி: அதே வீட்டின் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது. ஆனால் அயலவர்கள் குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீரைக் கலனில் வாங்குகிறார்கள். இதைப் பெரிதாக எடுக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் எடுங்கள். அயலவர்கள் மாதாமாதம் காசு கொடுப்பது சும்மா அல்ல. புளோரைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இலங்கைத் தரநிர்ணயம் குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும்தான் அனுமதிக்கிறது. வவுனியாப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் அது கூடுதலாக இருக்கிறது. அந்த ஒழுங்கைப் பிள்ளைகளின் முன்பற்களில் வெள்ளைத் திட்டோ மண்ணிறக் கறையோ இருந்தால் அதுவே முதல் அறிகுறி. காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பதையும் மனதில் வையுங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு தடிப்பாக இருந்தால் தண்ணீர் கடினமானது, குழாயும் சூடாக்கியும் சீக்கிரம் அடைபடும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பது வழமையான கணக்கு. உங்கள் குழியை மட்டும் அளக்காமல், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு பரப்பு, ஒன்றரைப் பரப்பாகத் துண்டு போட்டு விற்ற இடங்களில் அயலவர் குழிதான் பெரும்பாலும் கிணற்றுக்கு அருகே வருகிறது.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் தண்ணீரைச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் போத்தலிலேயே எடுக்க வேண்டும். மோட்டரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு, தாங்கியிலிருந்து அல்லாமல் கிணற்றிலிருந்து நேரே வரும் தண்ணீரைப் பிடியுங்கள். முடிவில் புளோரைட் அதிகம் என்று வந்தால் வீட்டைக் கைவிட வேண்டும் என்பதில்லை. குழாய்நீர் இணைப்பு அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் வடிகட்டும் இயந்திரத்துக்கும் அதன் பராமரிப்புக்கும் ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.