பயாஸில் எதை மாற்றினால் கணினி வேகமாகும், கரண்டும் மிச்சமாகும்?

காரைக்குடிக் கடையில் பில் போடும் கணினிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். பயாஸ் என்பது கணினி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்; மாற்ற வேண்டியவை அதன் அமைப்புத் திரையில் இருக்கும். முதலில் ரேமைப் பாருங்கள். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம் போட்டிருந்தாலும், பல கணினிகளில் அது 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ரேமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்தால்தான் கொடுத்த காசுக்கு வேகம் வரும். ஆன் செய்தபின் திரை வரவில்லையா? பயப்பட வேண்டாம், பயாஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் நினைவகமான சீமாஸை ரீசெட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஓவர்கிளாக்கிங், அதாவது செயலியை (ப்ராசஸரை) அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதன் பக்கம் போகாதீர்கள். பெரிய வீட்டு வளவில் சுண்ணாம்புச் சுவரின் குளுமை இருக்கும். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் செயலி சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சரி, கரண்டுக்கு வருவோம். சி-ஸ்டேட்ஸ் ஆனில் இருக்கட்டும். வேலையில்லாத நேரத்தில் செயலி தூங்கும். இஆர்பி-யை ஆன் செய்தால், அணைத்த கணினி இழுக்கும் மின்சாரம் ஒரு வாட்டுக்கும் கீழே போகும். ஆனால் கீபோர்டைத் தட்டி எழுப்பும் வசதி போய்விடும். கரண்ட் பில் பாதியாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், மாற்றும் முன் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி அடிக்கடி பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரியை மாற்றுங்கள்; அது தீர்ந்தால் செய்த மாற்றங்களும் அழிந்துபோகலாம்.