4 கோடி இலக்கப் பகா எண்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள் என்கிறார்கள். அடுக்கை log 2-இன் (10 அடிமான மடக்கை) மதிப்பான 0.30103-ஆல் பெருக்கிப் பார்த்தால் ஓர் இலக்கம் கூடுதலாக வருகிறதே?

பதில்: வழி சரி, மடக்கை மதிப்புதான் போதவில்லை. log 2-இன் மதிப்பு 0.30102999566. அதை 0.30103 என்று முழுமையாக்கும்போது ஒட்டிக்கொள்ளும் துளிப் பிழை, 13 கோடி மடங்கு பெருகி 0.59 ஆகிவிடுகிறது. சரியான மதிப்பைப் போட்டால் 4,10,24,319.945 வரும். முழுப்பகுதியோடு 1 கூட்டினால் இலக்க எண்ணிக்கை கிடைத்துவிடும். மிச்சமுள்ள .945-ஐ வீசிவிடாதீர்கள். 10-இன் 0.945 அடுக்கு ஏறக்குறைய 8.81, ஆகவே எண் 88 என்று தொடங்குகிறது.

கடைசி இரண்டு இலக்கங்களுக்குக் கால்குலேட்டரே வேண்டாம். 2-இன் அடுக்குகளில் அவை, 2²-இலிருந்து 20 அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வரும். நம் அடுக்கை 20-ஆல் வகுத்தால் மீதி 1. 2²¹ = 20,97,152. 52-இல் 1 போனால் 51.

கேள்வி: வங்கிப் பரிமாற்றக் குறியாக்கத்துக்கு இது பயன்படுமா?

பதில்: பயன்படாது. வங்கிகள் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையில், 2048 பிட் (இரும இலக்க) சாவிக்கு 308 அல்லது 309 இலக்கமுள்ள இரண்டு பகா எண்கள் போதும். அவை யாருக்கும் தெரியாதவையாக இருக்க வேண்டும். இதுவோ ஊரறிந்த எண்.

கேள்வி: இத்தனை பெரிய எண்ணை எப்படிச் சோதித்தார்கள்?

பதில்: லூகாஸ்–லேமர் சோதனையால். p ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, 2ᵖ − 1-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதை p − 2 முறை செய்தபின் மீதி 0 என்றால் பகா எண். இல்லையென்றால் பகு எண். p = 5, அதாவது 31-க்குச் செய்து பாருங்கள்: 4, 14, 194 (மீதி 8), 62 (மீதி 0). மூன்றே படி. p = 11-க்கு ஒன்பதாம் படியில் 0 வராமல் 1736 நிற்கும்; ஆக 2¹¹ − 1 பகு எண்தான்: 2047 = 23 × 89.

2ᵖ − 1 வடிவில் உள்ளவற்றை மெர்சென் எண்கள் என்பார்கள். அவற்றின் அழகே அந்த வகுத்தலில்தான் இருக்கிறது. 194 இரும வடிவில் 11000010. கடைசி ஐந்து பிட் 00010, அதாவது 2. மேலே மிஞ்சிய 110 என்பது 6. கூட்டினால் 8, அதுதான் மீதி! வகுக்கவே வேண்டாம், வெட்டிக் கூட்டினால் போதும். பெரும்பகா எண் சாதனைகளில் பெரும்பாலானவை இந்த வகை எண்களாக இருப்பதற்கு, இவற்றுக்கென்றே லூகாஸ்–லேமர் சோதனை இருப்பதோடு, இதுவும் ஒரு காரணம். நேரத்தைத் தின்பது வர்க்கப்படுத்தல்தான். அதற்கு ஃபூரியர் உருமாற்றப் பெருக்கல் என்ற, மிகப் பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் முறை வேண்டும்.

நடுவில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அடுத்த படிகள் எல்லாம் பாழ். 0 வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு மீதி நிற்கும், பிழை நேர்ந்ததே வெளியில் தெரியாது. அதனால்தான் மெர்சென் பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் (GIMPS) என்ற தன்னார்வலர் திட்டத்தில் முதலில், கணக்கின் ஊடே பிழையைப் பிடிக்கும் கெர்பிச் சரிபார்ப்புடன் ஃபெர்மா சோதனையை ஓட்டுகிறார்கள். இதில் தேறினால் எண் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு மிக அதிகம், ஆனால் அது நிரூபணம் ஆகாது. லூக் டுரன்ட் கண்ட இந்த எண்ணும் அதில் தேறிய பிறகே, வெவ்வேறு வன்பொருளிலும் மென்பொருளிலும் லூகாஸ்–லேமர் சோதனைக்குப் போனது.