பூட்டிய போனில் அவசரத் தொடர்பு எண் தெரிய என்ன செய்வது?

கேள்வி: தனியாக வசிக்கும் என் அப்பாவின் போனில் என் எண்ணை ‘ஐ.சி.இ.’ (‘இன் கேஸ் ஆஃப் எமர்ஜென்சி’, அதாவது அவசரம் என்றால் அழைக்க) என்ற பெயரில் சேமித்திருக்கிறேன். அவசரத்துக்கு இது போதுமா?

பதில்: போன் பூட்டியிருந்தால் போதாது. ‘ஐ.சி.இ.’ என்று பெயரிடும் வழக்கத்தை 2005இல் பிரிட்டனின் ஆம்புலன்ஸ் ஊழியர் பாப் பிராட்சி முன்வைத்தார். அன்றைய பட்டன் போன்களை எடுத்தவுடன் தொடர்புப் பட்டியலைப் பார்க்க முடிந்தது. இன்று கைரேகையோ பின் எண்ணோ இல்லாமல் அந்தப் பட்டியல் திறக்காது. எண் பூட்டுத் திரையிலேயே கிடைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘எமர்ஜென்சி’ என்று தேடுங்கள். இந்த வசதி இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் இதுவே சுலபம். அங்கே எமர்ஜென்சி கான்டாக்ட்ஸில் எண்களைச் சேர்த்து, பூட்டிய திரையில் காட்டுவதற்கான ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த ஸ்விட்சைத்தான். ஐபோனில் ஹெல்த் ஆப், மேலே புரொஃபைல் படம், மெடிக்கல் ஐடி, எடிட் என்று போக வேண்டும். ‘ஷோ வென் லாக்டு’ ஆன் ஆக இருக்கட்டும். சேர்க்கும் நபர் முன்பே தொடர்புப் பட்டியலில் இருக்க வேண்டும். ரத்த வகை, ஒவ்வாமை, தினசரி மாத்திரைகள் ஆகியவற்றையும் இங்கேயே எழுதலாம். வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் வேண்டாம். போனை எடுப்பவர் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல முடியாது.

முடித்ததும் போனைப் பூட்டி, ‘எமர்ஜென்சி’யைத் தொட்டு நீங்களே பாருங்கள். அங்கிருந்து உங்கள் எண்ணுக்கு ஒரு அழைப்பும் போட்டுப் பாருங்கள்.

ஒரே ஓர் எண்ணோடு நிறுத்தாதீர்கள். அப்பாவோடு அதே வண்டியில் நீங்களும் பயணம் செய்யலாம். வேறு இடத்தில் வசிக்கும் இன்னொருவர் அவசியம். ‘மகள்’, ‘தம்பி’ என்று உறவைக் குறிப்பிட்டால், அழைப்பவருக்கு யாரிடம் பேசுகிறோம் என்பது புரியும். எண்களை + குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும் சேமித்தால் வெளிநாட்டிலிருந்தும் அழைப்பு போகும்.

இன்னொரு சிக்கல் உங்கள் பக்கம் இருக்கிறது. இரவில் உங்கள் போன் ‘டூ நாட் டிஸ்டர்ப்’பில் இருந்தால் அப்பாவின் அழைப்பு ஒலிக்காமல் போகலாம். ஐபோனில் அப்பாவின் தொடர்பில் ரிங்டோனுக்குள் இருக்கும் ‘எமர்ஜென்சி பைபாஸ்’ஸை ஆன் செய்தால் அவர் அழைப்பு அப்போதும் ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் அவருக்கு ஸ்டார் போட்டு, ஸ்டார் போட்டவர்களின் அழைப்பை அனுமதியுங்கள். உதவுபவர் தன் சொந்த போனிலிருந்து கூப்பிட்டால் இந்த விலக்கு பலிக்காது. ஒரே எண்ணிலிருந்து சில நிமிடங்களுக்குள் மறுபடி வரும் அழைப்பை ஒலிக்கவிடும் வசதியையும் ஆன் செய்யுங்கள்.

சார்ஜ் தீர்ந்தாலோ திரை நொறுங்கினாலோ இவை எதுவும் உதவாது. அதே இரண்டு எண்களைச் சிறு அட்டையில் எழுதி அப்பாவின் பர்ஸில் வையுங்கள். எண் மாறும்போது அட்டையையும் மாற்ற வேண்டும்.