தோற்காத அணியில் என்ன சுவாரசியம்? – கடிதம்

வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தில் தென் கரோலினா அணி 2023-24 பருவத்தில் 38 ஆட்டங்களையும் வென்றதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். யார் ஜெயிப்பார் என்று முன்பே தெரிந்த ஆட்டத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? தவிர, அந்த வருடம் எல்லோரும் பேசியது அயோவா அணியின் வீராங்கனை கேட்லின் கிளார்க்கைப் பற்றித்தான். இறுதிப் போட்டியில் தோற்றவரைத்தான் நினைவு வைத்திருக்கிறோம் என்றால், ஜெயித்த அணிக்கு என்ன பெருமை?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கிளார்க் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்த இறுதிப் போட்டியை அமெரிக்காவில் டிவியில் பார்த்தவர்கள் சுமார் 1.9 கோடி பேர். அந்த ஆண்டு ஆண்கள் இறுதிப் போட்டிக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. பெரும்பாலோர் வந்தது கிளார்க்குக்காக. கோப்பையை வாங்கிய கையோடு தென் கரோலினா பயிற்சியாளர் டான் ஸ்டேலியே அவருக்கு நன்றி சொன்னார்.

ஆனால் முடிவு முன்பே தெரியும் என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது. முந்தைய ஆண்டும் இதே அணி 36 ஆட்டங்களை வரிசையாக வென்றுதான் அரையிறுதிக்கு வந்தது. அங்கே அயோவாவிடம் 77-73 என்று தோற்றது. கிளார்க் மட்டும் 41 புள்ளி. அந்த ஆட்டத்தில் ஒரு காட்சி: தென் கரோலினாவின் ரேவன் ஜான்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) வெளியே பந்தோடு நிற்கிறார். அவரைத் தடுக்க வேண்டிய கிளார்க், 'நீ போட்டால் போட்டுக்கொள்' என்பதுபோல் கையை அசைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கூடைப்பந்தையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்ததாக ஜான்சன் பின்னால் சொன்னார். அப்புறம் ஆலியா பாஸ்டன் உட்பட, ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேருமே தென் கரோலினா அணியிலிருந்து போய்விட்டார்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது தரவரிசையில் ஆறாவது இடம்தான்.

அந்தப் பருவத்தில் கிளார்க் ஆட்டத்துக்குச் சராசரியாக 31 புள்ளிக்கு மேல் எடுத்தார். தென் கரோலினாவில் யாருமே 15ஐத் தொடவில்லை. எனக்கு இந்த அணியைப் பிடித்ததே இதனால்தான். ஒருத்தியைக் கட்டிப்போட்டால் அணி படுத்துவிடும் என்ற கணக்கு இவர்களிடம் செல்லாது. எதிரணி மூச்சு வாங்கும் நேரத்தில் பெஞ்சிலிருந்து இன்னும் நாலைந்து பேர் புதுத் தெம்போடு இறங்குவார்கள்.

2024 ஏப்ரல் 7, கிளீவ்லாந்து நகரம், இறுதிப் போட்டி. எதிரே அதே அயோவா. ஆரம்பமே 10-0, அயோவா முன்னிலை. முதல் குவார்ட்டரில் மட்டும் கிளார்க் 18 புள்ளி. 'போச்சு, போன வருடக் கதைதான்' என்று தோன்றியிருக்கும். அப்புறம் ரேவன் ஜான்சன் அவரை நிழல்போல ஒட்டிக்கொண்டார். மீதி மூன்று குவார்ட்டரில் கிளார்க்குக்குக் கிடைத்தது 12. இன்னொரு ஜான்சன், உறவெல்லாம் இல்லை, முதலாண்டு மாணவி டெஸ்ஸா, பெஞ்சிலிருந்து வந்து 19 புள்ளி அடித்தார். பிரேசிலிலிருந்து வந்த ஆறடி ஏழங்குல கமிலா கார்டோசோ 17 ரீபவுண்ட் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்த புள்ளிக் கணக்கு மட்டும் பாருங்கள்: தென் கரோலினா 37, அயோவா பூஜ்யம். ஆட்டம் 87-75.

சரி, அப்போதும் 'எப்படியும் ஜெயித்திருப்பார்கள்' என்று நீங்கள் சொன்னால், அதற்கு முந்தைய மாதம் டென்னசி அணியோடு ஆடிய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்டு, 1.1 நொடி மிச்சமிருக்கும்போது இரண்டு புள்ளி பின்தங்கி நிற்கிறார்கள். பந்து கார்டோசோ கைக்கு வருகிறது. கல்லூரி வாழ்க்கையில் அதுவரை ஒரு மூன்று புள்ளி ஷாட்டைக்கூட உள்ளே போடாதவர். எறிந்தார். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது, 74-73. விழாமல் போயிருந்தால் 38-0 கிடையாது, நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவும் மாட்டீர்கள். அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் இதே அணியைக் கனெக்டிகட் 82-59 என்று புரட்டி எடுத்தது. அதையும் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கலாம்.