பழைய பிரெஸ்ஸை நம்பலாம், பழைய வெடிமருந்தை நம்பாதீர்கள்

கேள்வி: உரிமத்துடன் ரிவால்வர் வைத்திருக்கிறேன். சுட்ட உறைகளில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பித் தோட்டா செய்து பழக, ஒருவர் பயன்படுத்திய முழுத் தொகுப்பையும் வாங்கிவிட்டேன். பிரெஸ் (உறையை அழுத்தும் நெம்புகோல் கருவி), .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா வகைக்கான மூன்று டைகள் (பிரெஸ்ஸில் திருகிப் பொருத்தும் அச்சுகள்), தராசு, வெடிமருந்து அளக்கும் கருவி, பழைய கையேடு, பாதி டப்பா வெடிமருந்து, ஒரு பை நிறைய அவர் நிரப்பிய தோட்டாக்கள். எவற்றைப் பயன்படுத்தலாம்?

பதில்: வீட்டில் தோட்டா நிரப்பலாமா என்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். துப்பாக்கி உரிமம் இதற்கும் செல்லும் என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். முதலில் அதை விசாரித்துவிடுங்கள்.

அடுத்து, அந்தத் தோட்டாப் பையையும் மருந்து டப்பாவையும் தனியே எடுத்து வையுங்கள். இரண்டும் வேண்டாம். அந்தத் தோட்டாக்களில் எவ்வளவு மருந்து போட்டார் என்பது நிரப்பியவருக்கே நினைவிருக்காது. டப்பாவில் லேபிள் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது அதுதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காலி டப்பாவில் வேறு மருந்தைக் கொட்டி வைப்பவர்கள் உண்டு. ஒன்றுபோலத் தெரியும் இரு மருந்துகளில் ஒன்று நிதானமாக எரியும், மற்றது சட்டென்று எரிந்து துப்பாக்கியையே பிளந்துவிடும். நிறத்தையும் மணத்தையும் வைத்துப் பெயர் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அப்புறப்படுத்தும் வழியைத் தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள்.

பிரெஸ்ஸைப் பற்றி அதிகக் கவலை வேண்டாம். வார்ப்பிரும்பில் செய்த நல்ல பிரெஸ் இரண்டு தலைமுறை உழைக்கும். மேல்துருவை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். பிரெஸ்ஸின் சட்டக மூலைகளிலும் கைப்பிடி இணையும் இடத்திலும் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். டைகளின் மரை பெரும்பாலும் ஒரே அளவுதான் என்பதால், வேறு நிறுவனத்து டையும் பொருந்தும்.

உறையை அளவுக்குச் சுருக்கும் டையின் வாயைப் பாருங்கள். நிறம் மாறிய வளையம் ஒன்று தெரிந்தால் அது கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள். உறைக்கு மசகு தேவையில்லை. வெறும் எஃகு என்றால் ஒவ்வோர் உறைக்கும் மசகு தடவ வேண்டும், மறந்தால் உறை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஓர் உறையை ஏற்றி இறக்கியதும் பித்தளையில் நெடுகக் கீறல் விழுந்தால், டைக்குள் துகள் ஒட்டியிருக்கிறது.

தராசில்தான் நான் கறாராக இருப்பேன். ஒரு கிரெய்ன் என்பது ஏறத்தாழ 0.065 கிராம். 4 கிரெய்ன் போட வேண்டிய உறையில் அரை கிரெய்ன் கூடினால் எட்டில் ஒரு பங்கு அதிகம். என்னிடம் வந்த பழைய தராசு ஒன்றில் முள் ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் நின்றது. ஆட்டத்தை அடக்கும் காந்தத்தில் மயிரிழை போன்ற இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. ஒட்டுநாடாவால் எடுத்ததும் சரியாகிவிட்டது. தாங்கு முனையில் எண்ணெய் விடாதீர்கள், தூசிதான் சேரும். சோதனை எடைக்கற்கள் புதிதாக வாங்குங்கள். ஒரே கல்லைப் பத்து முறை வைத்து எடுக்கும்போது பத்து முறையும் ஒரே எண் வராவிட்டால் அந்தத் தராசை விட்டுவிடுங்கள்.

அளக்கும் கருவியின் குடுவையில் மிச்ச மருந்து தங்கியிருக்கலாம்; அக்கக்காகக் கழற்றித் துடையுங்கள். பழைய கையேட்டில் செய்முறையைப் படிக்கலாம். மருந்தின் அளவை மட்டும் தயாரிப்பாளர் இப்போது வெளியிடும் அட்டவணையிலிருந்து, அதுவும் தொடக்க அளவாக எடுங்கள்.

.38 ஸ்பெஷல் கரிமருந்துக் காலத்து உறை, உள்ளே இடம் தாராளம். இன்றைய மருந்து அடியில் சிறிதளவே கிடக்கும். தவறி இருமுறை போட்டாலும் வழியாது. ஆகவே குண்டைப் பொருத்தும் முன் உறைகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து மட்டம் பாருங்கள். மருந்தே விழாத உறையும் ஆபத்துதான்: ப்ரைமரின் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியின்) விசை குண்டைக் குழலின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடும். சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மங்கலாகக் கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடாமல் துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் அடைப்பில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

ப்ரைமர் பொருத்தும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். சுட்ட உறைகளில் ஈயத்தூள் இருக்கும். கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.